ஏறுகிறதா, இறங்குகிறதா: வளைவரையை வைத்தே வகைக்கெழுவின் குறியைச் சொல்வது எப்படி?

ஒரு வளைவரையைக் கொடுத்து, "எக்ஸ் = −0.5 என்ற இடத்தில் வகைக்கெழு மிகையா, குறையா?" என்று கேட்டால், பலருடைய கண் முதலில் தேடுவது அந்தப் புள்ளி எக்ஸ்-அச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதைத்தான். மேலே இருந்தால் மிகை, கீழே இருந்தால் குறை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் சொன்னது சார்பின் குறி. கேட்டது வகைக்கெழுவின் குறி. மலையில் ஆயிரம் அடி உயரத்தில் இருப்பவர் இறங்கிக்கொண்டிருக்கலாம். சுரங்கத்தின் அடியில் இருப்பவர் ஏறிக்கொண்டிருக்கலாம். உயரம் வேறு, போக்கு வேறு. வகைக்கெழு போக்கை மட்டுமே சொல்லும்.

வகைக்கெழு என்பது அந்தப் புள்ளியில் வளைவரைக்கு வரையும் தொடுகோட்டின் சாய்வு. வகுப்பில் "எஃப் டேஷ்" என்று சொல்வது இதைத்தான். அந்த டேஷ் குறியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கணிதர் லெக்ராஞ்சி. 1797-இல் வெளியான தம் நூலில் இதை எழுதினார். தொடுகோடு இடமிருந்து வலமாகப் போகும்போது மேலேறினால் சாய்வு மிகை, கீழிறங்கினால் குறை, படுக்கையாக இருந்தால் பூச்சியம். இதில் "இடமிருந்து வலமாக" என்பதை விட்டுவிட்டால் எல்லாமே தலைகீழாகிவிடும். ஒரே கோட்டை வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் இறக்கம் ஏற்றமாகத் தெரியும். வளைவரையின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டிப் பார்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். உச்சியிலிருந்து இடப்பக்கமாகப் பார்வை இறங்குவதால், அந்தப் பகுதிக்கும் குறை என்று எழுதிவிடுகிறார்கள். உச்சிக்கு இடப்பக்கம் வளைவரை உச்சியை நோக்கி ஏறுகிறது. அங்கே வகைக்கெழு மிகை.

கையால் செய்து பார்க்க ஒரு ஸ்கேல் போதும். ஒளி ஊடுருவும் ஸ்கேல் என்றால் இன்னும் நல்லது. கேட்ட புள்ளியில் ஸ்கேலின் ஓரம் வளைவரையை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். ஸ்கேலின் வலது முனை இடது முனையைவிட மேலே இருந்தால் மிகை, கீழே இருந்தால் குறை. வேறு எங்கோ ஓரிடத்தில் ஸ்கேல் வளைவரையை வெட்டிக்கொண்டு போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். தொடுகோடு தொடும் புள்ளிக்கு அக்கம்பக்கத்தில் ஒட்டி நின்றால் போதும். தூரத்தில் எத்தனை முறை வெட்டினாலும் அது தொடுகோடுதான். வளைவரை வளையும் பக்கம் மாறுகிற வளைவு மாற்றப் புள்ளியில் தொடுகோடு தொடும் இடத்திலேயே வளைவரையைக் கடந்து மறுபக்கம் போய்விடும். அதுவும் தவறில்லை.

ஸ்கேல் படுக்கையாக இருப்பதுபோலத் தெரிந்து சந்தேகம் வந்தால் வேறு வழி இருக்கிறது. அந்தப் புள்ளியின் உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். புள்ளிக்குச் சற்று இடப்பக்கம் வளைவரை கோட்டுக்குக் கீழேயும், சற்று வலப்பக்கம் மேலேயும் இருந்தால் அங்கே ஏற்றம். மாறி இருந்தால் இறக்கம். இரண்டு பக்கமும் கீழே இருந்தால் நீங்கள் நிற்பது உச்சியில். இரண்டு பக்கமும் மேலே இருந்தால் பள்ளத்தில். ஏற்றம் என்று தெரிந்த பிறகும் வகைக்கெழு அந்தப் புள்ளியில் கண்டிப்பாக மிகை என்று சொல்லிவிட முடியாது, பூச்சியமாகவும் இருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே வளைவரையில் நான்கு நிலைகள்

எக்ஸ்³ − 3எக்ஸ் என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். கிராஃப் தாளில் −2 முதல் 2 வரை வரைந்தால் போதும். −2 என்ற இடத்தில் உயரம் −2. அங்கிருந்து வளைவரை செங்குத்தாக ஏறி, ஏறக்குறைய −1.73-இல் அச்சைக் கடந்து, −1-இல் 2 என்ற உயரத்தைத் தொட்டுத் திரும்புகிறது. பிறகு இறங்கி, 0-இல் அச்சைக் கடந்து, 1-இல் −2 என்ற பள்ளத்தைத் தொடுகிறது. மறுபடி ஏறி, 1.73-இல் அச்சைக் கடந்து, 2-இல் 2 என்ற உயரத்துக்கு வருகிறது.

இதில் நான்கு இடங்களை மட்டும் பாருங்கள். −1.5-இல் உயரம் 1.125, வகைக்கெழு 3.75: இரண்டும் மிகை. −0.5-இல் உயரம் 1.375, வகைக்கெழு −2.25: புள்ளி அச்சுக்கு மேலே, போக்கு கீழே. 0.5-இல் உயரம் −1.375, வகைக்கெழு −2.25: இரண்டும் குறை. 1.5-இல் உயரம் −1.125, வகைக்கெழு 3.75: புள்ளி கீழே, போக்கு மேலே. சார்பின் குறியும் வகைக்கெழுவின் குறியும் சேரக்கூடிய நான்கு விதங்களும் இந்த ஒரே வளைவரையில் வந்துவிட்டன. ஒரு குறியை வைத்து மற்றதைச் சொல்லவே முடியாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி தேவையில்லை. சார்பின் குறி மாறும் இடங்கள் −1.73, 0, 1.73. வகைக்கெழுவின் குறி மாறும் இடங்கள் −1, 1. இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஒரு எண்கூட இல்லை.

விடை எழுதும்போது வரும் இன்னொரு தவறும் இதிலேயே தெரியும். வளைவரை 2 என்ற உயரத்திலிருந்து −2 என்ற உயரத்துக்கு இறங்குகிறது. அதனால் "−2-க்கும் 2-க்கும் இடையே வகைக்கெழு குறை" என்று எழுதுபவர்கள் உண்டு. அவர்கள் ஒய்-மதிப்புகளைப் படித்துவிட்டார்கள். விடை எப்போதும் எக்ஸ்-மதிப்புகளில் வர வேண்டும்: (−1, 1). உச்சியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் எக்ஸ்-அச்சுக்கு ஒரு புள்ளிக்கோடு இறக்கிவிட்டு, அது அச்சைத் தொடும் எண்ணைப் படிக்கும் பழக்கம் வந்தால் இந்தத் தவறு நேராது.

இடைவெளியின் முனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகைக்கெழு குறையாக இருப்பது (−1, 1) என்ற திறந்த இடைவெளியில். முனைகளில் அது பூச்சியம். ஆனால் சார்பு இறங்குவது [−1, 1] என்ற மூடிய இடைவெளியில் என்று சொன்னாலும் சரியே. −1-இல் உள்ள உயரமே அந்த இடைவெளியில் மிகப் பெரியது, 1-இல் உள்ளதே மிகச் சிறியது என்பதால் இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு புத்தகத்தில் திறந்த அடைப்பும் இன்னொன்றில் மூடிய அடைப்பும் இருப்பதைப் பார்த்துக் குழம்புபவர்கள், கேள்வி வகைக்கெழுவின் குறியைப் பற்றியதா, சார்பின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியதா என்று பார்த்தால் போதும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

இதைவிட நுட்பமான பிசகு ஒன்றும் உண்டு. இந்தச் சார்பின் வகைக்கெழு −1-க்கு இடப்பக்கமும் 1-க்கு வலப்பக்கமும் மிகை. இரண்டு பகுதிகளையும் சேர்ப்புக் குறி போட்டு ஒன்றாக எழுதி, "இந்தக் கணத்தில் வகைக்கெழு மிகை" என்றால் சரி. அதே சேர்ப்பை எழுதி, "இந்தக் கணத்தில் சார்பு ஏறுகிறது" என்றால் தவறு. −1.5-இலிருந்து 1.5-க்குப் போனால் எக்ஸ் கூடுகிறது, உயரமோ 1.125-இலிருந்து −1.125-ஆகக் குறைகிறது. குறி என்பது புள்ளிக்குப் புள்ளி பார்ப்பது. ஏற்றம் என்பது இரண்டு புள்ளிகளை ஒப்பிடுவது. ஒரே துண்டாக இருக்கும் இடைவெளியில் மட்டுமே முதலாவது இரண்டாவதைத் தரும். 1/எக்ஸ் என்ற சார்பிலும் இதே கதைதான். வகைக்கெழு எங்கு பார்த்தாலும் குறை. ஆனால் −1-இல் மதிப்பு −1, 1-இல் மதிப்பு 1.

அச்சில் எண்ணே இல்லாவிட்டாலும்

வளைவரையிலிருந்து படிக்கக்கூடிய தகவல்களில் வகைக்கெழுவின் குறிதான் மிக உறுதியானது. வகைக்கெழுவின் மதிப்பைச் சொல்ல இரண்டு அச்சுகளின் அளவுத்திட்டமும் தெரிய வேண்டும். குறியைச் சொல்ல அது தேவையில்லை. ஒய்-அச்சைப் பத்து மடங்கு இழுத்தால் சாய்வு பத்து மடங்காகும். எக்ஸ்-அச்சைப் பத்து மடங்கு இழுத்தால் பத்தில் ஒரு பங்காகும். மிகை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் குறி மாறாது. அதனால்தான் எண்களே குறிக்காத ஒரு கைவரைபடத்தைக் கொடுத்தும் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது. வளைவரை முழுவதையும் மேலேயோ கீழேயோ நகர்த்தினாலும் குறி மாறாது. மாறிலியைக் கூட்டினால் வகைக்கெழு அப்படியே இருக்கும். மடக்கை அளவுத்திட்டத்தில் வரைந்தாலும் இதே நிலைதான். மடக்கை தானே ஏறும் சார்பு என்பதால், ஏற்றம் ஏற்றமாகவே தெரியும், இறக்கம் இறக்கமாகவே தெரியும்.

குறியைக் கவிழ்ப்பது ஒன்றே ஒன்று: அச்சின் திசை. கடலின் ஆழத்தைச் செங்குத்து அச்சில் காட்டும் படங்களில் 0 மேலே இருக்கும்; ஆழம் கீழ்நோக்கிக் கூடும். விண்மீன்களின் பொலிவெண்ணைக் காட்டும் படங்களிலும் சிறிய எண் மேலே இருக்கும், ஏனென்றால் பொலிவு கூடக்கூட அந்த எண் குறையும். அத்தகைய படத்தில் கோடு மேலேறினால் எண் குறைகிறது என்று பொருள், வகைக்கெழு குறை. படத்தைப் பார்த்ததும் கோட்டுக்குப் போகாமல், அச்சுகளில் எண்கள் எந்தப் பக்கம் கூடுகின்றன என்று பார்ப்பது இரண்டு விநாடி வேலை.

உடைந்தும் மடங்கியும் இருக்கும் வளைவரை

பல்லுறுப்புக் கோவைகளின் வழவழப்பான வளைவரைகளில் சிக்கல் அதிகம் இல்லை. மூலைகளும் முறிவுகளும் வரும்போதுதான் கண் தடுமாறும். அப்படி ஒன்றை மனத்தில் வரைந்துகொள்வோம். சார்பகம் −4 முதல் 6 வரை. (−4, −1)-இல் தொடங்கி வழவழப்பாக ஏறி (−2, 3)-இல் உச்சியைத் தொடுகிறது. அங்கிருந்து இறங்கி (1, −2)-இல் ஊசிமுனைபோலக் கூராக முடிகிறது. அந்த முனையிலிருந்து நேர்கோடாக (3, 2) வரை ஏறுகிறது. 3 முதல் 4 வரை 2 என்ற உயரத்தில் படுக்கைக் கோடு. 4-இல் முறிந்து, 5 என்ற உயரத்துக்குத் தாவி, அங்கிருந்து நேராக (6, 1) வரை இறங்குகிறது.

முதலில் பிரிக்கும் புள்ளிகளைக் குறிக்க வேண்டும்: உச்சி −2, முனை 1, மடிப்பு 3, முறிவு 4. இவை சார்பகத்தை ஐந்து துண்டுகளாக்குகின்றன. −4-க்கும் −2-க்கும் இடையே மிகை. −2-க்கும் 1-க்கும் இடையே குறை. 1-க்கும் 3-க்கும் இடையே மிகை. நேர்கோடு என்பதால் மதிப்பையே சொல்லிவிடலாம், 2 அலகு தூரத்தில் 4 அலகு ஏற்றம், சாய்வு 2. 3-க்கும் 4-க்கும் இடையே பூச்சியம். 4-க்கும் 6-க்கும் இடையே குறை, சாய்வு −2.

இனி பிரிக்கும் புள்ளிகள். −2-இல் தொடுகோடு படுக்கை, வகைக்கெழு பூச்சியம். 1-இல் வகைக்கெழு இல்லை. "இல்லை" என்பதும் "பூச்சியம்" என்பதும் ஒன்றல்ல. விடைத்தாள்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. இடப்பக்கத்திலிருந்து வரும்போது சாய்வு குறை, வலப்பக்கம் 2. இரண்டும் ஒத்துப்போகாததால் அங்கே தொடுகோடு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. இருந்தாலும் குறையிலிருந்து மிகைக்கு மாறியிருப்பதால் அது இடஞ்சார்ந்த சிறுமம்தான், அதாவது அக்கம்பக்கத்தில் மிகத் தாழ்ந்த இடம். சிறுமம் என்றாலே வகைக்கெழு பூச்சியம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். 3-லும் மூலைதான், சாய்வு 2-இலிருந்து 0-க்கு மாறுகிறது, வகைக்கெழு இல்லை.

4-இல் இருப்பது தாவல். அங்கே மதிப்பு 2-இலிருந்து 5-க்கு மேலே போகிறது, ஆகவே வகைக்கெழு மிகை என்று சொல்லத் தோன்றும். தொடர்ச்சி இல்லாத இடத்தில் வகைக்கெழு கிடையாது. தாவிய தூரத்தைச் சாய்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாவலுக்குப் பிறகு வளைவரை முன்பு எங்கும் இல்லாத உயரத்தில் நிற்கிறது, வகைக்கெழுவோ குறை. படிக்கட்டுபோல ஒவ்வொரு முழு எண்ணிலும் ஒரு படி ஏறும் சார்பில் இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். சார்பு ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் வகைக்கெழு ஓரிடத்தில்கூட மிகை இல்லை. படியில் நிற்கும்போது பூச்சியம், படி தாவும்போது இல்லை.

செங்குத்துத் தொடுகோடு வரும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-இன் கனமூலம் 0-இல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அங்கே வகைக்கெழு இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் மிகை, குறி மாறுவதில்லை. அந்தக் கனமூலத்தின் வர்க்கத்தை வரைந்தால் 0-இல் கூரிய பள்ளம் வரும். இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை.

பூச்சியம் என்றால் குறி மாறியே ஆக வேண்டுமா?

இல்லை. எக்ஸ்³ என்ற சார்பு 0-இல் ஒரு நொடி படுக்கையாகிவிட்டுத் தொடர்ந்து ஏறுகிறது. வகைக்கெழு 3எக்ஸ்², 0-இல் பூச்சியம், இரண்டு பக்கமும் மிகை. படுக்கைக் கோடு போட்டுப் பார்க்கும் சோதனையில் இது ஏற்றம் என்றே வரும். ஆகவே அந்தச் சோதனை தருவது "வகைக்கெழு குறை அல்ல" என்பது வரைதான். முறையாகச் சொன்னால், ஓர் இடைவெளி முழுதும் வகைக்கெழு மிகை என்றால் சார்பு அங்கே ஏறும்; சார்பு ஏறுகிறது என்றால், வகைக்கெழு இருக்கும் இடங்களிலெல்லாம் அது மிகையாகவோ பூச்சியமாகவோ இருக்கும். இரண்டு திசைக்கும் உள்ள இந்தச் சிறு வேறுபாட்டை விட்டுவிட்டால், எக்ஸ்³ போன்ற சார்புகளில் விடை ஒரு புள்ளி அளவுக்குத் தப்பாகும்.

ஒரு துண்டில் ஓரிடத்தில் மட்டும் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டு முழுவதற்கும் அதே குறியை எழுதுகிறோமே, அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? வகைக்கெழு தொடர்ச்சியானது என்றால் விளக்கம் எளிது: மிகையிலிருந்து குறைக்குப் போக நடுவில் பூச்சியத்தைத் தாண்டியாக வேண்டும். ஆனால் வகைக்கெழு தொடர்ச்சியாக இருந்தே தீர வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. ஃபிரெஞ்சுக் கணிதர் காஸ்டன் டார்பு 1875-இல் இந்தக் கவலையைப் போக்கினார். ஓர் இடைவெளி முழுதும் வகைக்கெழு இருந்தால் போதும். அது தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் இடையில் உள்ள மதிப்புகளை விட்டுத் தாண்டாது என்று காட்டினார். ஆகவே குறி மாறக்கூடிய இடங்கள் இரண்டே வகை: வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளிகள், வகைக்கெழு இல்லாத புள்ளிகள். வளைவரையில் உச்சி, பள்ளம், சமதளம், மூலை, முறிவு ஆகியவற்றைக் குறித்துவிட்டால் மற்ற இடங்களை ஒவ்வொன்றாகத் துருவ வேண்டியதில்லை.

திரை காட்டாத இறக்கம்

கால்குலேட்டரிலோ கணினியிலோ வரைந்த படத்தை அப்படியே நம்புவதற்கு முன் ஒரு கணக்கு. எக்ஸ்³ − 0.01எக்ஸ் என்ற சார்பை −2 முதல் 2 வரை, உயரம் −8 முதல் 8 வரை என்ற சட்டத்தில், 400 பிக்சல் உயரமுள்ள திரையில் வரையுங்கள். கோடு இடக்கோடி முதல் வலக்கோடி வரை ஏறுவதாகவே தெரியும். நடுவில் கொஞ்சம் சமதளம். வகைக்கெழு 3எக்ஸ்² − 0.01, 0-இல் அதன் மதிப்பு −0.01. அதாவது ஏறத்தாழ −0.058 முதல் 0.058 வரை சார்பு இறங்குகிறது. இறக்கத்தின் மொத்த அளவு 0.00077. திரையில் ஒரு பிக்சல் 0.04 அலகு. அந்த இறக்கம் ஒரு பிக்சலில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. எந்தத் திரையும் அதைக் காட்டாது. சமதளமாகத் தெரியும் இடத்தில் ஜூம் செய்து பார்ப்பதும், முடிந்தால் வகைக்கெழுவைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பதும் இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இயல் அடுக்குச் சார்பை −எக்ஸ் என்ற அடுக்கோடு வரைந்தால், 5-ஐத் தாண்டியதும் அது அச்சோடு ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும். 10-இல் வகைக்கெழு −0.000045 அளவுதான். சிறியது, ஆனால் குறை. இப்படி ஒரு கோட்டை (தொலைத்தொடுகோட்டை) தொடாமல் நெருங்கிக்கொண்டே போகும் வளைவரையை "படுக்கையாகிவிட்டது, வகைக்கெழு பூச்சியம்" என்று எழுதுவது சரியல்ல.

சில மென்பொருள்கள் புள்ளிகளைக் கண்மூடித்தனமாக இணைத்துவிடும். 1/எக்ஸ் வரையும்போது 0-க்கு இடப்பக்கம் கீழே போன கிளையையும் வலப்பக்கம் மேலே இருக்கும் கிளையையும் ஒரு செங்குத்துக் கோட்டால் சேர்த்துவிடும். படத்தில் அது மிகச் செங்குத்தான ஏற்றமாகத் தெரியும். அந்தக் கோடு வளைவரையின் பகுதியே அல்ல.

படத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது?

கொடுக்கப்பட்ட படம் சார்பின் வளைவரையா, வகைக்கெழுவின் வளைவரையா என்பதைப் பார்க்காமல் தொடங்கினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. வகைக்கெழுவின் வளைவரை என்றால் சோதனையே மாறிவிடும். அங்கே அச்சுக்கு மேலே இருந்தால் மிகை, கீழே இருந்தால் குறை. ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவே கூடாது. நம் எக்ஸ்³ − 3எக்ஸ் என்ற சார்புக்கு வகைக்கெழு 3எக்ஸ்² − 3. அதை வரைந்தால் (0, −3)-இல் அடிமுனை உள்ள பரவளையம். −1, 1 ஆகிய இடங்களில் அச்சை வெட்டுகிறது. 0-க்கும் 1-க்கும் இடையே இந்தப் பரவளையம் ஏறுகிறது, ஆனால் அச்சுக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே சார்பு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இறங்கும் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

வளைவரை வளையும் விதத்தைப் போக்கோடு குழப்பிக்கொள்வதும் இதே இனத்துத் தவறு. உச்சியை நெருங்கும் வளைவரை கீழ்நோக்கி வளைகிறது, அதனால் வகைக்கெழு குறை என்று நினைக்கிறார்கள். வளைவு கீழ்நோக்கி இருப்பதால் குறையாவது இரண்டாம் வகைக்கெழு. முதல் வகைக்கெழு உச்சியைத் தொடும் வரை மிகையே. சிறுத்துக்கொண்டே வரும் மிகை. "பணவீக்கம் குறைந்தது" என்ற செய்தியைப் படித்துவிட்டு விலை இறங்கிவிட்டது என்று நினைப்பவரும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறார். விலை இன்னும் ஏறுகிறது. ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது.

குறையான சாய்வுகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இன்னொரு சறுக்கல். இதே சார்பில் 0-இல் சாய்வு −3, 0.9-இல் ஏறக்குறைய −0.57. 0-இல் கோடு செங்குத்தாக இறங்குவதால் அங்கேதான் வகைக்கெழு "பெரிது" என்று தோன்றும். எண்மதிப்பில் பெரிது, உண்மைதான். வகைக்கெழு என்று பார்த்தால் −3 சிறியது. குறியை முதலில் எழுதிவிட்டுச் செங்குத்தைப் பிறகு பார்த்தால் வரிசை தானாகச் சரியாகும்.

அளவீட்டுப் புள்ளிகள் மட்டும் இருந்தால்

பாடப்புத்தகத்துக்கு வெளியே வளைவரை முழுசாகக் கிடைப்பது அபூர்வம், புள்ளிகள்தான் கிடைக்கும். ஒரு தொட்டியின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கிறோம் என்று வையுங்கள். செ.மீ. கணக்கில் அளவுகள்: 84.2, 84.5, 84.3, 84.9, 84.7, 85.3, 85.6. புள்ளிகளை இணைத்தால் கோடு இரண்டு இடங்களில் இறங்குகிறது. அதை வைத்து அந்த நிமிடங்களில் வகைக்கெழு குறை என்று சொல்லிவிடலாமா? அளவுகோலின் பிழை 0.5 செ.மீ. வரை இருக்கலாம் என்றால், இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பிழை 1 செ.மீ. வரை போகலாம். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே உள்ள மிகப் பெரிய வித்தியாசமே 0.6 தான். ஆகவே எந்த ஒரு நிமிடத்துக்கும் குறியைச் சொல்ல இந்த அளவுகள் போதாது. இறங்கிய நிமிடங்களுக்கு மட்டுமல்ல, ஏறிய நிமிடங்களுக்கும் போதாது.

முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் வித்தியாசம் 1.4 செ.மீ.; பிழையைத் தாண்டி நிற்கிறது. சராசரி மதிப்புத் தேற்றத்தின்படி, மட்டம் வழவழப்பாக மாறியிருந்தால் இந்த 6 நிமிடங்களுக்குள் குறைந்தது ஒரு கணத்திலாவது வகைக்கெழு மிகையாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கணம் எது என்று தேற்றம் சொல்லாது. நடுவில் மட்டம் சற்று இறங்கியிருக்கவும் தடையில்லை. இடைவெளியை அகலமாக்கினால் பிழையின் தாக்கம் குறையும், ஆனால் அதற்குள் இருக்கும் உச்சியும் பள்ளமும் மறைந்துபோகும். குறுக்கினால் அவை தெரியும், கூடவே பிழையும் உச்சியாகவும் பள்ளமாகவும் வேடம் போடும். எவ்வளவு அகலம் எடுப்பது என்பதை அளவுகோலின் பிழையும், மட்டம் எவ்வளவு வேகமாகத் திரும்பக்கூடும் என்பதுமே முடிவு செய்யும். படத்தை மட்டும் உற்றுப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.